திருப்பிக் கொடுத்த மொடம்

வாடகைக்குப் பொருள் வைத்திருப்பது எனக்கு எப்போதுமே பிடிக்காது. மாதம் மாதம் காசு கட்டினாலும் அது நம்முடையதாவதில்லை. பழுதாக்கினால் மட்டும் நம்முடையதாகிவிடுகிறது.

றீற்றா, அருள்மலரின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீர் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டீர். ஆஸ்பத்திரியில், கடைசி நாட்களில், உம்முடைய அக்கா உம்மிடம், "நான் அந்தப் பெட்டியைத் திருப்பிக் குடுக்கச் சொன்னதாலதான் தம்பி செத்தவன்" என்று சொன்னாளாம். அது உண்மையா என்று கேட்டீர். மண்டபம் இரைச்சலாக இருந்தது. என் கையில் கடதாசிக் கோப்பை நிறையப் பருப்புக்கறி. எழுதித் தருகிறேன் என்றேன். அழுது வீங்கிய முகத்தோடும் நீர் கொஞ்சம் சிரித்தீர். "இதுக்குமோ அத்தான் றிப்போட்?" என்றீர்.

ஓம், இதற்கும்தான். கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் தரம் பார்த்தவன் நான். முடிவை முதலில் எழுதிவிட்டுத்தான் காரணங்களை எழுதுவது எங்கள் வழக்கம். முடிவு இதுதான்: அருள்மலர் சொன்னது உண்மையில்லை. அவளில் ஒரு பிழையும் இல்லை.

இனிக் காரணங்கள்.

கனடாவுக்கு வந்து வோபர்னில் நாங்கள் இருந்த வீட்டுக்கு 1998இல் கேபிள் இன்ரநெற் எடுத்தோம். கொம்பனி ஒரு மொடத்தை வாடகைக்குத் தந்தது. ஒரு றாத்தல் பாண் அளவில் கறுப்புப் பெட்டி. அருள்மலர் அதைத் தினமும் துடைத்தாள். ஒருநாள் அதன்மேல் அந்தோனியார் சுரூபத்தை வைத்துவிட்டாள். காற்றுப்போகும் ஓட்டைகள் மூடுபடும் என்று நான் எடுத்துக் கீழே வைத்தேன். "அந்தோனியார் பார்க்காத சூடோ?" என்று கேட்டுத் திரும்பவும் வைத்தாள். இரண்டு கிழமை அவர் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்.

1999 ஜூலையில், பில் வந்த ஒருநாள், அவள் சோறு வடித்துக்கொண்டே சொன்னாள்: "இஞ்சாருங்கோ, இந்தப் பெட்டிக்கு எவ்வளவு காலத்துக்கு வாடகை கட்டப்போறம்? கட்டின காசுக்கு இது எங்களை அப்பா அம்மா எண்டு கூப்பிடவேணும்." அவ்வளவுதான். கஞ்சியை ஊற்றிவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டாள். அவள் தன்னுடைய குற்றம் என்று இருபது வருடம் சுமந்தது இந்த இரண்டு வசனங்களைத்தான்.

டெனிஸ்டனைப் பற்றி உமக்கு நான் சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் ஒழுங்குக்காக எழுதுகிறேன். உங்கள் இருவருக்கும் ஒரே தம்பி. அப்போது வயது முப்பத்தொன்று. ஊர்காவற்றுறையில் கடலுக்கு முன்னால் பிறந்தும் நீந்தத் தெரியாதவன் என்று நீங்கள் இருவரும் பகிடி பண்ணுவீர்கள். இரண்டு வருடமாகப் பாங்கொக்கில் விசா இல்லாமல் இருந்தான். பொலிசுக்குப் பயந்து அறைக்கு அறை மாறுவான், ரெலிபோன் கிடையாது, போன் காட் வாங்கவும் காசு அருமை. எங்கள் கோயில் பங்கில் ஐந்து பேர் சேர்ந்து அவனுக்குப் பொறுப்பு நின்று கனடாவுக்கு எடுக்க விண்ணப்பித்திருந்தார்கள். நீக்கிலாப்பிள்ளை மாஸ்டர்தான் அந்தக் குழுவுக்குத் தலைவர். அவனுக்கும் எங்களுக்கும் இடையில் இருந்த ஒரே வழி என் வீட்டு மின்னஞ்சல். அந்த நாட்களில் உம்மிடம் கொம்பியூட்டர் இல்லை. நீர் சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்து சப்வேயும் பஸ்ஸும் பிடித்துச் சனிக்கிழமைகளில் வருவீர், தம்பி என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்க.

நாங்கள் அதை வாசித்த விதம் ஞாபகம் இருக்கிறதா? அவன் அங்கே ஒரு இன்ரநெற் கடையில் இருந்து தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்புவான். உங்கள் இருவருக்கும் அதை எழுத்துக்கூட்டப் பொறுமை இல்லை. அதனால் நான் கதிரையில் இருந்து சத்தமாக வாசிப்பேன். நீங்கள் தேத்தண்ணியோடு சோபாவில் இருப்பீர்கள். அவனுடைய கடிதங்களில் பாதி என்னைப் பற்றித்தான். எனக்கு இன்ஸ்பெக்டர் அத்தான் என்று பெயர் வைத்திருந்தான். "இன்ஸ்பெக்டர் அத்தான் கோயிலில மெழுகுதிரியையும் தட்டிப் பாத்துத்தான் கொளுத்துறவர் எண்டு கேள்வி, உண்மையோ?" என்று எழுதுவான். அதை நானே என் குரலில் வாசிப்பேன். நீங்கள் சிரிப்பீர்கள். நானும் சிரிப்பேன். தன்னைப் பற்றிய பகிடியைத் தானே வாசிக்கிற மனிதன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன்.

ஆகஸ்ட் இருபத்தோராம் திகதி வாசித்த கடிதத்தில் எங்கள் கலியாணப் பேச்சு வந்தது. எனக்கு அது இன்றைக்கும் மனப்பாடம்.

"அக்கா, அத்தான் பொம்பிளை பாக்க வந்திட்டுப் போனாப்பிறகு நீ மூண்டு நாள் சாப்பிடாமக் கிடந்து அழுதனி, ஞாபகமிருக்கோ? இந்த மனிசன் வேண்டாம் எண்டு. நான்தான் அம்மாட்டைச் சொன்னனான், ஆள் சப்பாத்தைக் கழட்டி ரெண்டையும் நேராக்கி வைச்சிட்டு உள்ளுக்கு வந்தவர், இப்பிடியான மனிசன் அடிக்கமாட்டார் எண்டு. பன்ரெண்டு வயசுப் பெடியன்ர கதையைக் கேட்டு உன்னைக் கட்டிக் குடுத்திட்டினம். பிழை என்ரதான். நட்டஈட்டைக் கனடாவுக்கு வந்து தாறன்."

ஆங்கில எழுத்துத் தமிழில் உள்ள கஷ்டம், அடுத்த சொல் என்ன என்று கண்ணுக்கு முன்கூட்டியே தெரியாது. வாய் சொன்ன பிறகுதான் மூளைக்குப் போகும். அதனால் நான் இடையில் நிறுத்தவில்லை. ஒரே குரலில் முற்றுப்புள்ளி வரைக்கும் வாசித்தேன். உமக்குத் தேத்தண்ணி மூக்கில் ஏறிவிட்டது. அருள்மலர் சோபாக் கையில் அடித்து அடித்துச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. பத்தொன்பது வருடத்தில் நான் அவளை அப்படிச் சிரிக்கவைத்ததில்லை. அவள் "பொய்யடா" என்று சொல்வாள் என்று நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு உம்மைப் பார்த்துச் சொன்னது இது: "உதையும் ஞாபகம் வைச்சிருக்கிறான் பார், சனியன்."

நான் கோபப்படவில்லை. நீரும் அங்கே இருந்தீர், உமக்குத் தெரியும். மிச்சக் கடிதத்தையும் வாசித்து முடித்தேன். பிறகு கடைக்குப் போய் மொடங்களை ஒப்பிட்டு எழுதியிருந்த ஒரு சஞ்சிகை வாங்கி வந்தேன். அந்த வருடம்தான் புதுவகை மொடங்கள் கடைகளில் விற்பனைக்கு வரத் தொடங்கியிருந்தன. வேறு கொம்பனியில் புதிதாகப் பதிந்தால் சொந்த மொடத்தைப் பாவிக்கலாம். வாடகைப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அருள்மலரிடம் சொன்னேன். "நான் சொல்லி நீங்கள் கேட்ட முதல் விஷயம்" என்று சந்தோசப்பட்டாள்.

ஆகஸ்ட் முப்பது, திங்கட்கிழமை. அவள் முதியோர் இல்லத்துச் சமையலறை வேலைக்குப் போயிருந்தாள். எனக்கு லீவு. டெனிஸ்டனிடமிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. அதில் ஒரேயொரு பகிடிதான், அதுவும் முதல் வரியில். மிச்சமெல்லாம் விஷயம். செப்ரெம்பர் பதினேழாம் திகதி தூதரகத்தில் நேர்முகம். பங்குக் குழு இன்னமும் பொறுப்பு நிற்கிறது என்று புதிய கடிதம் ஒன்று அதற்குமுன் தன் கைக்கு வரவேண்டும். நீக்கிலாப்பிள்ளை மாஸ்டரிடம் வாங்கி ஸ்கான் பண்ணி அனுப்பினாலும் போதும். கடிதம் வராவிட்டால் விண்ணப்பக் கோப்பை மூடிவிடுவார்கள். பொலிஸ் தமிழ்ப் பெடியன்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, இனி ஒளிக்க அறை இல்லை. அப்படியானால் ஏஜென்சிக்காரன் ஒருவன் இந்தோனேசியாப் பக்கத்தாலே படகு விடுகிறான், அதில்தான் ஏறவேண்டிவரும். "அக்காவுக்குப் படகுக் கதையைச் சொல்லாதேங்கோ அத்தான். கடிதத்தை மட்டும் எடுத்து அனுப்புங்கோ."

இரண்டு தரம் வாசித்தேன். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறதல்லவா, கெட்ட சேதியை வீட்டு ஆம்பிளையிடம்தான் முதலில் சொல்வார்கள். எப்போது, எவ்வளவு சொல்வது என்று அவன் தீர்மானிப்பான். டெனிஸ்டனும் அதைத்தான் செய்தான். படகை மறைக்கச் சொன்னான். நான் கடிதம் முழுவதையும் மறைத்தேன். அழித்துவிட்டு, மொடத்தின் வயர்களைக் கழற்றி, அது வந்த பெட்டிக்குள்ளேயே அழகாக வைத்தேன்.

மறுநாள் கேபிள் கொம்பனிக் கவுண்டரில் ஒரு இளம் பெண் இருந்தாள். கணக்கை மூடினால் அதோடு வந்த மின்னஞ்சல் முகவரியும் போய்விடும், அதற்கு வருகிறவை எல்லாம் அனுப்பியவர்களுக்கே திரும்பிப் போகும் என்றாள். விரும்பினால் மூன்று மாதம் அந்த முகவரியை வைத்திருக்கலாம், அது இலவசம். நான் தேவையில்லை என்றேன். அவள் நல்ல பிள்ளை. உங்களுக்கு யாரும் எழுதமாட்டார்களா என்று இன்னொரு தரம் கேட்டாள். எழுதுகிறவர்களுக்குப் புது முகவரி கொடுப்பேன் என்றேன். ஒரு படிவம் தந்தாள், கையெழுத்து வைத்தேன்.

அதற்குப் பிறகு நான் மொடம் தெரிவு செய்யத் தொடங்கினேன்.

இதைப் பற்றி ஊரெல்லாம் சிரித்தது உமக்குத் தெரியும். ஐந்து மொடங்கள் என் பட்டியலில் இருந்தன. வேகம், சூடு, உத்தரவாதம், வயரின் நீளம், சுவரில் மாட்டும் வசதி என்று கட்டம் போட்டு நிரப்பினேன். மார்க்கம் றோட்டில் சச்சிதானந்தன் கொம்பியூட்டர்க் கடை வைத்திருந்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் போவேன். மூன்றாம் கிழமை அவர் கடையில் நின்ற ஆட்களுக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னார்: "அண்ணை, அக்காவைப் பொம்பிளை பாக்கப் போனநேரமும் உந்தக் கட்டம் போட்ட பேப்பரோடதான் போனனீங்களோ? இதைக் கொண்டுபோங்கோ, பிடிக்காட்டித் திருப்பிக் கொண்டாங்கோ." எல்லோரும் சிரித்தார்கள். நான் உத்தரவாத விதிகளை முதலில் வாசிக்கவேண்டும் என்றேன்.

அருள்மலர் ஒருமுறை, சச்சிதானந்தன் கடையில் உள்ள கொம்பியூட்டரில் தம்பியின் மெயிலைப் பார்க்கலாமா என்று கேட்டாள். அகதி விண்ணப்ப விஷயங்களைப் பிறத்தியாரின் மெஷினில் திறப்பது ஆபத்து என்று விளங்கப்படுத்தினேன். அவளுக்கு அது நியாயமாகப்பட்டது. பழைய முகவரி இறந்துபோனது அவளுக்குத் தெரியாது. கடிதங்கள் எங்கோ ஒரு பெட்டியில் சேர்ந்துகொண்டிருக்கின்றன, புது மொடத்தைக் கொழுவியதும் எல்லாம் வந்து கொட்டும் என்று நினைத்திருந்தாள். நான் அதைத் திருத்தவில்லை.

செப்ரெம்பர் பதினோராம் திகதி அவன் போன் எடுத்தான். சனிக்கிழமை. அருள்மலர் வேலையில். நீர் இன்னும் வந்துசேரவில்லை. எங்கேயோ றோட்டோரம் நின்று காட் போட்டுக் கதைத்தான், வாகன இரைச்சல் கேட்டது.

"அத்தான், மெயில் எல்லாம் திரும்பி வருது. முந்தி எழுதினது கிடைச்சதோ?"

"ஓம் தம்பி, கிடைச்சது."

"கடிதம்?"

"மாஸ்டர் கையெழுத்து வைச்சுத் தந்திட்டார். ஸ்கான் பண்ண வசதியில்லை, மொடம் மாத்திறம். கூரியரில அந்த இன்ரநெற் கடை விலாசத்துக்குப் போட்டிருக்கு. நீர் ஓடித்திரியாமல் அங்கேயே பாத்துக்கொண்டு நில்லும்."

அவன் பெருமூச்சு விட்டது தெளிவாகக் கேட்டது. "எனக்குத் தெரியும் அத்தான். நீங்கள் ஒரு வேலையை எடுத்தா அது முடிஞ்ச மாதிரி." பிறகு அவனுடைய வழக்கமான குரல் வந்துவிட்டது. "மொடத்துக்கும் நேர்முகத் தேர்வோ நடக்குது? எனக்கு முன்னம் அதுக்கு விசா குடுத்திடாதேங்கோ." காட் முடிந்து போன் அறுந்துவிட்டது.

அதையும் நீங்கள் கேட்டிருந்தால் நன்றாகச் சிரித்திருப்பீர்கள். நான் உங்களிடம் சொல்லவில்லை.

அவன் வேறு வழி தேடியிருக்கலாம் என்பதை நான் யோசித்துத்தான் அப்படிச் சொன்னேன். மாஸ்டரின் நம்பரை என்னிடம் கேட்டிருப்பான். உம்முடைய நம்பரைக் கேட்டு உமக்கே போன் எடுத்திருப்பான். கடிதம் வருகிறது என்று நம்பியவன் அதையெல்லாம் செய்யமாட்டான். அவன் அந்தக் கடை வாசலில் நின்றான். பதினேழாம் திகதி நான் சுவரிலிருந்து மேசைக்கு எத்தனை அடி வயர் வேண்டும் என்று அளந்துகொண்டிருந்தேன். ஏழரை அடி வந்தது.

ஒக்ரோபர் இருபத்துமூன்றாம் திகதி மொடம் வாங்கினேன். பட்டியலில் இரண்டாவதாக இருந்தது. நல்ல மொடம், ஆறு வருடம் உழைத்தது. அதில் ஐந்து லைற் இருந்தது. அருள்மலர் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து, எந்த லைற் எதற்கு என்று கேட்டாள். நடுவில் உள்ளது மின்னினால் ஏதோ வருகிறது என்று அர்த்தம் என்றேன். அது எப்போதும் மின்னிக்கொண்டுதான் இருக்கும், அதை நான் சொல்லவில்லை. பழைய கடிதங்கள் ஒன்றும் வரவில்லையே என்று கேட்டாள். கொம்பனி மாறியதில் தவறிப்போயிருக்கும் என்றேன். அவள் சொல்லச் சொல்ல டெனிஸ்டனுக்குப் புது முகவரியிலிருந்து ஒரு கடிதம் அனுப்பினேன். பத்து நாள் வேலையால் வந்து உடுப்பும் மாற்றாமல் அந்த லைற்றுக்கு முன்னால் இருந்தாள். "வருது, வருது, ஏதோ வருது" என்பாள்.

நவம்பர் முதல் கிழமையில், டெனிஸ்டனோடு அறையில் இருந்த ஒரு பெடியன் எனக்குப் போன் எடுத்தான். வீட்டு ஆம்பிளையிடம்தான் கதைக்கவேண்டும் என்று கேட்டு எடுத்தான். படகு போய்ச் சேரவில்லை. முப்பத்தெட்டுப் பேர். இரண்டு பேரைத்தான் மீன்பிடிகாரர் தூக்கினார்கள், அந்த இரண்டில் டெனிஸ்டன் இல்லை.

மாஸ்டரையும் உம்மையும் வரச்சொல்லி, உங்களையும் வைத்துக்கொண்டுதான் அருள்மலரிடம் சொன்னேன். எப்படிப் பக்குவமாகச் சொன்னீர்கள் என்று மாஸ்டர் பிறகு என் கையைப் பிடித்தார். பெடியன் சொன்ன இன்னொன்றையும் நான் சொன்னேன். சொல்லாமலும் விட்டிருக்கலாம். "கடைசிவரைக்கும் கனடாவிலயிருந்து ஒரு கடிதம் வரும் எண்டு பாத்துக்கொண்டிருந்தவனாம். இஞ்சை எழுதின மெயில் எல்லாம் திரும்பி வந்திட்டுதாம்."

அவள் மொடத்தைத் திரும்பிப் பார்த்ததை நீர் கவனித்திருக்கமாட்டீர், நீர் நிலத்தில் கிடந்து அழுதுகொண்டிருந்தீர். நான் கவனித்தேன். தரம் பார்க்கிறவனுக்குக் கண்தானே தொழில். அவள் கணக்குப் போடுவதை நான் பார்த்தேன். பெட்டி போனது, முகவரி போனது, கடிதம் கேட்டு எழுதியது திரும்பிப் போனது. "வாடகை கட்டுறம் எண்டு நான்தானே சொன்னனான்" என்றாள். "நான்தானே திருப்பிக் குடுக்கச் சொன்னனான்."

அந்த இடத்தில் ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற அளவு நேரம் இருந்தது. நான் பக்கத்தில் போய் இருந்தேன். அவள் என் தோளில் தலையைச் சாய்த்தாள். கலியாணம் கட்டி அதுதான் முதல் தரம், தானாகச் சாய்ந்தது. நான் அசையவில்லை.

அதற்குப் பிறகு இருபது வருடம். நீர் அஜக்ஸுக்கு வீடு வாங்கிப் போய்விட்டீர், இதையெல்லாம் கிட்ட இருந்து பார்த்திருக்கமாட்டீர். அவள் என்னை எதற்கும் எதிர்த்துக் கதைக்கவில்லை. சேலை வாங்குவதென்றாலும் என்னைக் கேட்டாள். பின்னேரத்தில் இருவரும் ஒரே சோபாவில் இருப்போம். வீடு அமைதியாக இருந்தது. ஒவ்வொரு நவம்பரிலும் மரித்தோர் நாள் பூசைக்குப் போய்வந்து என்னிடம், "நான்தான் அவனைச் சாகடிச்சனான், என்ன?" என்று கேட்பாள். "உதையெல்லாம் இப்ப யோசிக்காதையும்" என்று தலையைத் தடவுவேன். இல்லை என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை. அந்த விஷயத்தில் நான் கவனமாகவே இருந்தேன்.

ஆகவே உம்முடைய கேள்விக்கு மறுமொழி. கடிதம் கேட்டு அவன் எழுதியது கிடைத்தது, வாசித்தவன் நான், அழித்தவன் நான். முகவரியை இலவசமாக வைத்திருக்கலாம் என்றபோது வேண்டாம் என்று கையெழுத்து வைத்தவன் நான். வராத கடிதத்துக்கு அவனைக் காவல் நிறுத்தியவன் நான். நீந்தத் தெரியாதவன் என்பது எனக்குத் தெரியும். மொடம் தெரிவு செய்ய எனக்கு ஒரு பின்னேரம் போதும், றீற்றா. சஞ்சிகை வாங்கிய அன்றைக்கே எது நல்லதென்று தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் கடைசிக்கு முதல்நாள் அவளுக்கு நல்ல நினைவு இருந்தது. என் கையைப் பிடித்து, "இவ்வளவு காலமும் என்னை ஒரு சொல்லுச் சொல்லாமல் வைச்சிருந்தனீங்கள். என்னை மன்னிச்சிட்டீங்களோ?" என்று கேட்டாள். நான் நேர்மையாக யோசித்துப் பார்த்தேன். அவளில் எனக்கு ஒரு மனக்குறையும் மிச்சமில்லை.

"ஓம், மன்னிச்சிட்டன்" என்றேன். அவளுக்கு அதற்குப் பிறகு நல்ல நித்திரை வந்தது. நான் அவளுக்கு நல்ல புருசனாகத்தான் இருந்திருக்கிறேன்.